முட்டுக் கொடுத்த கிடா

காட்டோரக் குளத்தங்கரையில் ஒரு முயல் மூன்று தக்காளிச் செடிகளை வளர்த்துவந்தது. செடி என்னவோ ஒல்லிதான். காய்ப்புதான் தாங்கவில்லை. உச்சியில் கொத்துக் கொத்தாகக் காய்கள் தொங்க, தண்டு நாளுக்கு நாள் குனிந்துகொண்டே போனது.

செடிக்குப் பக்கத்திலேயே வளை தோண்டிக் குடியிருந்தது ஒரு கொழுத்த பெருச்சாளி. அதற்குச் செடி ஏறத் தெரியாது. காத்திருக்க நன்றாகத் தெரியும். மண்ணில் சாய்ந்த செடியெல்லாம் அதற்குப் பந்திதான். போன வருஷம் மொத்தக் காய்ப்பும் அப்படித்தான் போயிற்று. முயலுக்கு ஒரு பழம்கூட மிஞ்சவில்லை.

அன்று மேற்கே மேகம் கறுத்தது. முயல் பதறிப்போய், புல் மேய்ந்துகொண்டிருந்த செவலைக் கிடாவிடம் ஓடியது.

"அண்ணே, சாயங்காலம் காத்தடிக்கும் போலிருக்கு. என் தக்காளிக்கு முட்டுக் கொடுக்கணும். கொஞ்சம் வர்றீங்களா?"

"முட்டா? அதுக்குத்தானே நான் இருக்கேன்! நீ போ தங்கச்சி, பின்னாலேயே வர்றேன்."

முயல் மூங்கில் கம்பு பொறுக்கப் போனது. செடியருகே வந்த கிடாவுக்கு ஒரு சந்தேகம். முட்டுக் கொடுப்பது என்றால் என்ன? அங்கே இருந்த பெருச்சாளியிடம் கேட்டது. கேட்க வேறு ஆள் கிடைக்கவில்லை, பாருங்கள்!

பெருச்சாளிக்கு நாக்கு ஊறியது. "உங்க பரம்பரை வேலையாச்சே அண்ணே, உங்களுக்கா தெரியாது? பத்தடி பின்னால போங்க. ஓடி வந்து நடுத்தண்டுல ஒண்ணு கொடுங்க."

கிடா கொடுத்தது. முதல் செடி முறிந்து விழுந்தது. பெருச்சாளி இரண்டு கன்னமும் உப்பத் தின்றது.

கம்புகளோடு வந்த முயலுக்கு அழுகை வந்துவிட்டது. "என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?"

"நீதானே முட்டச் சொன்னே?"

"முட்டவா சொன்னேன்? சாயற செடிக்குக் கம்பு நட்டுத் தாங்க வைக்கிறதுதாண்ணே முட்டுக் கொடுக்கிறது!"

கிடாவுக்கு அவமானத்தில் தாடி வரை வியர்த்தது. முயல் ஒரு கம்பை எடுத்து மண்ணில் ஊன்றப் பார்த்தது. வெயிலில் இறுகிக் கிடந்த மண், விரற்கடைகூட இறங்கவில்லை. காற்று எழும்பத் தொடங்கியது. மிச்சமிருந்த இரண்டு செடிகளும் ஆடின.

"தங்கச்சி, கம்பை நேரா பிடி" என்றது கிடா.

முயல் தயங்கியது. பிறகு, வேரில் குத்தாதபடி தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தது. கிடா பின்னங்காலில் நிமிர்ந்து, மேலிருந்து நச்சென்று ஒரு முட்டு முட்டியது. கம்பு ஒரு முழம் இறங்கியது! இன்னொரு முட்டில் அசையாமல் நின்றது. அடுத்த கம்பும் அப்படியே.

பக்கத்து ஈச்ச மரத்தில் கூடு கட்டியிருந்த தூக்கணாங்குருவி ஒன்று இதைப் பார்த்துவிட்டு, செடியைக் கம்போடு கட்ட வாழைநாரோடு பறந்து வந்தது.

"நல்லா இறுக்கிக் கட்டு" என்றது கிடா.

"இன்னும் பருக்கிற தண்டு அண்ணே, இறுக்கினா நெரிஞ்சு போகும்" என்ற குருவி, கம்பையும் தண்டையும் சுற்றி எட்டுப்போல வளைத்துத் தளர்வாக முடிந்தது.

கட்டி முடிக்கவும் காற்று வந்தது. மழையும் கொட்டியது. பெருச்சாளி செடியடியில் வாயைப் பிளந்து காத்திருந்தது. செடிகள் ஆடின, வளைந்தன, மறுபடி நிமிர்ந்தன. அதன் வாய்க்குள் மழைத்தண்ணீர்தான் விழுந்தது.

பத்தே நாளில் இரண்டு செடியும் சிவக்கச் சிவக்கப் பழுத்தன. முதல் பழத்தை முயல் கிடாவுக்குத்தான் கொடுத்தது. அன்றிலிருந்து, குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வருவோர் போவோரையெல்லாம் நிறுத்தி, "நான் முட்டுக் கொடுத்த செடி, பார்த்தீங்களா!" என்று காட்டாமல் கிடா விடுவதில்லை.

ஒருவர் உதவி கேட்டால், என்ன செய்ய வேண்டும் என்பதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அவர் விழுந்தால் லாபம் பார்ப்பவனிடம் கேட்கக் கூடாது.