பாதியில் நின்ற கலிமா

திருச்சி பாலக்கரையில் சவுண்ட் செட் பெட்டி சுமந்து பிழைத்தவர் நத்தர்ஷா. கல்யாணம், கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா, மாதா சப்பரம் எதுவானாலும் ஆள் உயரப் பெட்டிகளை வேனிலிருந்து இறக்குவதும், எல்லாம் முடிந்ததும் ஏற்றுவதும் அவர் வேலை. தொழுகை நேரம் வந்துவிட்டால் ஒளு செய்துகொண்டு மேடைக்குப் பின்னால் துண்டை விரித்துவிடுவார். "பாய் எங்கய்யா போனாரு?" என்று முதலாளி கத்துவார். ஸலாம் கொடுத்து முடிக்கும்வரை பாயின் காதில் அது விழாது. முதலாளிக்கு ஊழியம் தோளால், ஆண்டவனுக்கு ஊழியம் மனதால் என்று தெளிவாகப் பிரித்து வைத்திருந்த மனிதர்.

இவருக்கு ராப் பாட்டில் பைத்தியம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். இளவயதில் எங்கிருந்தோ கைக்கு வந்த ஒரு கேசட்டில், அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஒருவர் பாட்டைத் தொடங்கும் முன் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். நத்தர்ஷா தன்னை மறந்து "வ அலைக்கும் ஸலாம்" என்று டேப் ரிக்கார்டருக்குப் பதில் சொல்லிவிட்டார். பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டார். அடிமைகளாகக் கப்பலில் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். அவர்களில் பலர் இஸ்லாத்துக்கு வந்து தலை நிமிர்ந்தார்கள். பட்ட அவமானத்தைத் தாளம் போட்டுச் சொல்லத் தொடங்கியபோது ஸலாமும் துஆவும் அந்தப் பாட்டுக்குள் தாமாக வந்து உட்கார்ந்துகொண்டன. முகம் தெரியாத அந்தச் சகோதரர்கள் மேல் அவருக்கு உயிர்.

பெட்டி சுமந்த நேரம் போக, பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் தாளம் கட்டப் பழகினார். அதே தெருவில் ராப் பாடிக்கொண்டிருந்த எபினேசர், "அண்ணே, எனக்கு ஒரு பீட் போட்டுக் குடுங்கண்ணே" என்று வந்து நின்றான். நத்தர்ஷா தம்மிடம் இருந்ததிலேயே உயர்ந்ததைக் கொடுக்க நினைத்தார். அவருடைய அத்தா பள்ளிவாசலில் மோதினாராக இருந்து பாங்கு சொல்லியே காலம் கழித்து மௌத்தானவர். ஒருவர் முன்னே ஓத மற்றவர்கள் பின்னே ஓதும் ராத்திபு மஜ்லிஸில் அவர் இறைவனை நினைந்து திக்ரு ஓதிய குரல் ஒரு கேசட்டில் மிஞ்சியிருந்தது. "லா இலாஹ இல்லல்லாஹ்" என்று ஓதும் இடத்தை எடுத்துத் தாளத்துக்குள் வைத்துப் பார்த்தார். முழுதும் வைத்தால் தாளம் ஒரு இழை வழிந்தது. பின்பாதியை வெட்டினார். முன்பாதி மட்டும் திரும்பத் திரும்பச் சுற்றிவந்து கச்சிதமாக உட்கார்ந்தது.

பாட்டு ஊரைப் பிடித்துக்கொண்டது. ஆட்டோவில், டீக்கடையில், கல்லூரி வாசலில், எங்கும் அத்தாவின் குரல். நத்தர்ஷாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒருநாள் மாலை அந்தப் பாட்டோடு ஓர் ஆட்டோ தெருவில் போயிற்று. மீன் கழுவிக்கொண்டிருந்த மனைவி ஜம்ரூத் பீவி தலை நிமிராமலே கேட்டார்: "ஏங்க, மாமா ஏன் பாதியிலயே நிறுத்திடுறாரு? முழுசா சொல்லவே மாட்டாரா?"

நத்தர்ஷாவுக்கு அப்போதுதான் உறைத்தது. 'லா இலாஹ' என்றால் வணங்கத்தக்க இறைவன் இல்லை. 'இல்லல்லாஹ்' என்றால் அல்லாஹ்வைத் தவிர. இரண்டும் சேர்ந்தால்தான் கலிமா, அதுதான் ஈமான். முன்பாதி மட்டும் தனியே நின்றால் என்ன ஆகும்? ஐந்து வேளையும் ஊரைத் தொழுகைக்கு அழைத்த அத்தாவை, கபருக்குப் போன பிறகு, இறைவன் இல்லை, இறைவன் இல்லை என்று தெருத்தெருவாகச் சொல்ல வைத்துவிட்டான் பெற்ற மகன்.

எபினேசரிடம் ஓடினார். அவன் நல்ல பிள்ளை. விஷயம் கேட்டதும் பாட்டை இணையத்திலிருந்து எடுத்தான், மேடையில் பாடுவதையும் விட்டான். "ஆனா ஊரே போன்ல வச்சிருக்கேண்ணே, அதுக்கு என்னண்ணே செய்றது?" என்றான். முழுக் கலிமாவோடு நத்தர்ஷா புதிதாக ஒன்று கட்டினார். அதை யாரும் சீண்டவில்லை.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய் அழுதார். "தெரியாம செஞ்சதை அல்லாஹ் பிடிக்க மாட்டான் பாய்" என்றார் ஹஜ்ரத்.

"தெரியாமலா ஹஜ்ரத்? வெட்டுற எடத்தை நான்தானே காது குடுத்துப் பாத்தேன். சத்தம் கேட்டுச்சு. அத்தா சொல்றது கேக்கல."

பாவமன்னிப்புக் கேட்டு தௌபா செய்யச் சொன்னார் ஹஜ்ரத். செய்தார். இறைவன் மன்னித்திருப்பான் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஆனால் அத்தாவின் சொல் பாதியில் நிற்கிறதே. அதை யார் முடித்துவைப்பது?

தானே முடித்துவைப்பது என்று தீர்மானித்தார். அந்தப் பாட்டு காதில் விழும் இடமெல்லாம் நின்று, முன்பாதி முடிந்ததும் "இல்லல்லாஹ்" என்று சொன்னார். டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். பஸ்ஸில் சொன்னார். "பாய்க்கு மண்டை குழம்பிப்போச்சு" என்று சிரித்தார்கள். சென்னையிலிருந்து ஓர் இசையமைப்பாளர் கூப்பிட்டனுப்பினார். போகவில்லை. கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடினார். விழாக்களில் அந்தப் பாட்டைப் போட்டால் மட்டும் அவரால் தாங்க முடியாது. கூட்டத்தின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். அந்த இரைச்சலில் வேறெதுவும் கேட்காது. அங்கே நின்று பாட்டு முடியும்வரை சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒரு கல்லூரி விழாவில் பாட்டைப் போட்டுவிட்டார்கள். வழக்கம்போல் அவர் நழுவப் பார்த்தபோது முதலாளி, "பாய், முன்பெட்டி செத்துப்போச்சு, ஓடிப்போய்ப் பாருங்க" என்று கத்தினார். வேறு வழியில்லை. குனிந்த தலையோடு கூட்டத்துக்கு முன்னால் போய் மண்டியிட்டு வயரைச் சொருகினார். பெட்டி உயிர்பெற்றது. அத்தாவின் குரல் நெஞ்சில் அறைந்தது. "லா இலாஹ."

நத்தர்ஷா வாய் திறந்தார். அவர் சொல்வதற்கு முன்னால், முதுகுக்குப் பின்னாலிருந்து மைதானமே சொன்னது: "இல்லல்லாஹ்."

திரும்பிப் பார்த்தார். அத்தா மறுபடி ஓதினார். கூட்டம் மறுபடி முடித்தது.

முன்வரிசையில் முக்காடிட்ட மாணவி ஒருத்தி நின்றாள். "இது எப்பயிருந்தும்மா?" என்று கேட்டார்.

"ரொம்ப நாளாவே இப்படித்தான் பாய். விழாவுல எங்க போட்டாலும் நாங்க சொல்லுவோம், கேட்டுக் கேட்டு இப்ப எல்லாருமே சேந்துக்குறாங்க. பாதியில விட்டா வாய் சும்மா இருக்குமா?"

நத்தர்ஷா அந்தப் பெட்டியின் ஓரத்திலேயே நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் விழுந்தார். ஜெனரேட்டர் இரைச்சலில் ஒற்றை ஆளாக அவர் முடித்துக்கொண்டிருந்த காலமெல்லாம், அத்தா முன்னே ஓத ஊர் பின்னே ஓதும் மஜ்லிஸ் ஒன்றை இறைவன் நடத்திக்கொண்டிருந்திருக்கிறான். அவருக்குத்தான் கேட்கவில்லை.

ஊர் குற்றமாகவே எண்ணாத ஒன்றுக்காகத் தன்னை ஒருநாளும் தப்பவிடாமல் கணக்குக் கேட்டுக்கொண்ட அந்த எளிய அடியாரை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக.