முதலாளியின் குரல்

ஷகிலா டீச்சருக்கு வயது முப்பத்து நான்கு. அவரிடம் படிக்க வந்த சென்னியப்பனுக்கு அறுபத்தொன்று.

நாமக்கல்லில் சிறு தொழில் நடத்துகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பு. கம்ப்யூட்டர் வழியாக வரும் திருடர்களிடமிருந்து தொழிலைக் காப்பது எப்படி என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தார். ஊரில் சென்னியப்பன் வந்தால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். இங்கே டீச்சர் வரும்போது அவர் எழுந்து நின்றார்.

அவருக்குக் கோழிக்குஞ்சு பொரிக்கும் ஹேச்சரி ஒன்று இருந்தது. ஆறு மெஷின்களில் அறுபதாயிரம் முட்டைகள். குஞ்சு வெளியே வர இருபத்தோரு நாள் ஆகும், அதுவரை சூடு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. இப்போதெல்லாம் ஒரு பாஸ்வேர்டும் ஒரு போனும் இருந்தால் எங்கிருந்தும் சூட்டை மாற்றலாம். அந்த வசதிதான் அவருக்குப் பயமாக இருந்தது.

போன மாதம் பரமத்தி பக்கம் ஒரு ஹேச்சரியில் யாரோ வெளியிலிருந்து புகுந்து சூட்டை ஏற்றிவிட்டார்கள். திறந்து பார்த்தபோது ஒரு குஞ்சுக்கும் உயிர் இல்லை. பாஸ்வேர்டு எப்படி வெளியே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"அதக் கேட்டதுலருந்து எனக்குத் தூக்கமே இல்லீங்க டீச்சர்," என்றார் சென்னியப்பன். "எம்பட ஹேச்சரிய எப்படிங்க காப்பாத்தறது?"

"இதுவரைக்கும் என்ன செஞ்சிருக்கீங்க?"

சென்னியப்பன் நோட்டைப் பிரித்தார். புது சாஃப்ட்வேர். பதினாறு எழுத்தில் பாஸ்வேர்டு. பதினொரு கேமரா. கடைசியில் கொஞ்சம் தயங்கி, "ஒரு ராஜபாளையம் நாயும் வாங்கியிருக்கேனுங்க," என்றார்.

டீச்சர் சிரிக்கவில்லை. "நீங்க சம்மதிச்சா அடுத்த வாரம் நான் உள்ள போய்ப் பாக்கறேன். நீங்க என் பக்கத்துலயே இருங்க."

"போக முடியாதுங்க," என்றார் அவர். ஆனாலும் அந்த வாரம் முழுவதும் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு டீச்சர் லேப்டாப்பைத் திறந்தார். கோழிப்பண்ணையாளர் கூட்டத்தில் சென்னியப்பன் ஏழு நிமிடம் பேசிய வீடியோ ஒன்று இணையத்தில் கிடந்தது. டீச்சருக்கு அது போதுமாக இருந்தது. தன் போனை ஸ்பீக்கரில் போட்டு, ஹேச்சரியின் மெஷின் ரூமுக்கு அடித்தார். எடுத்தவர் மாரப்பன். பத்தொன்பது வருடமாக அங்கே மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவர்.

"மாரப்பா, பாஸ்வேர்டச் சொல்றா. சீக்கிரம்," என்றது லேப்டாப், அந்த வீடியோவிலிருந்து உருவாக்கிய சென்னியப்பனின் குரலில்.

தன் வாய் மூடித்தான் இருக்கிறதா என்று சென்னியப்பன் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சரிங்க மொதலாளி," என்று பதினாறு எழுத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தார் மாரப்பன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

சென்னியப்பன் பையிலிருந்து போனை எடுத்தார். "இன்னைக்கே அவன வீட்டுக்கு அனுப்பறேன்."

"அனுப்புங்க. அதுக்கு முன்னாடி ஏன் சொன்னாருன்னு ஒரு வார்த்தை கேளுங்க."

அவர் தன் போனிலிருந்து கூப்பிட்டார். அதையும் ஸ்பீக்கரில் போட்டார், மாரப்பன் திட்டு வாங்குவது எல்லோருக்கும் கேட்கட்டும் என்று.

"பாஸ்வேர்ட எதுக்குடா சொன்னே?"

"நீங்கதானுங்களே கேட்டீங்க."

"வேற நம்பர்லருந்து வந்துச்சே. திருப்பி ஒரு வார்த்தை கேக்கத் தெரியாதா?"

மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே மாரப்பன் மெதுவாகச் சொன்னார். "ஆடி மாசம் ஒருக்கா கேட்டனுங்க."

சென்னியப்பனுக்கு ஞாபகம் வந்தது. ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து போன் செய்து, நாலாவது மெஷினில் சூட்டைக் குறைக்கச் சொன்னார். "நெசமாவே கொறைக்கணுங்களா?" என்று கேட்டார் மாரப்பன். என்னைக் கேள்வி கேட்க நீ யாரடா என்று மறுநாள் அத்தனை ஆட்கள் முன்னாலும் கத்தி, மூன்று நாள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஹேச்சரியில் யாரும் அவரை எதுவும் கேட்டதில்லை. அதில் அவருக்குப் பெருமைகூட இருந்தது.

போனை வைத்தார். வெட்கமாக இருந்தது. டீச்சர் லேப்டாப்பை மூடினார்.

"இதுக்கு என்ன பூட்டுங்க போடறது?"

"அதை நான் போட முடியாது ஐயா. பாஸ்வேர்டை இன்னைக்கே மாத்திடுங்க. ஒரு மாசத்துக்குள்ள மறுபடியும் உங்க குரல்ல கூப்பிடுவேன். எந்த நாள்னு சொல்ல மாட்டேன்."

அன்று சாயங்காலமே அவர் ஆட்களைக் கூட்டிச் சொன்னார். இனிமேல் அவசரம் என்று யார் கூப்பிட்டாலும், நானே என் நம்பரிலிருந்து கூப்பிட்டாலும், வைத்துவிட்டு என் நம்பருக்குத் திருப்பி அடிக்க வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். யாரும் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது சென்னியப்பனின் போன் அலறியது. ஹேச்சரியிலிருந்து வந்த எச்சரிக்கை. மூன்றாவது மெஷினில் சூடு ஏறுகிறது. அதில் பத்தாயிரம் முட்டை, பதினேழு நாள் ஆனவை. வியர்த்துப்போய் மாரப்பனைக் கூப்பிட்டார்.

"மூணாவது மெஷின் ஏறுது. கதவத் தொறந்து உடு. சீக்கிரம்டா!"

மாரப்பனின் குரல் நடுங்கியபடி வந்தது. "மொதலாளி, கோவிச்சுக்காதீங்க. வெச்சுட்டு நானே திருப்பிக் கூப்பிடறனுங்க."

லைன் அறுந்தது.

சென்னியப்பனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அங்கே முட்டை வெந்துகொண்டிருக்கிறது, இவன் என் போனையே வைக்கிறான். ஆடி மாதம் கத்திய அதே வார்த்தைகள் வாய்வரை வந்துவிட்டன.

போன் அடித்தது. திரையில் மாரப்பனின் பெயர். அவர் நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார்.

"இது என் சோதனை இல்லை ஐயா. சூடு நெசமாவே ஏறுது, எடுங்க," என்றார் டீச்சர். "பாத்துப் பேசுங்க. அவரோட இந்த தைரியம் உடைஞ்சா உங்ககிட்ட வேற பூட்டு இல்லை."