தேனப்பன் போட்ட எட்டு

கொடுக்காப்புளியூர் சமஸ்தானத்தில் மழை பெய்யாத நாள் உண்டு. மகாராஜா துந்துபிவர்மர் மோட்டார் சைக்கிள் ஓட்டாத நாள் கிடையாது. சீமையிலிருந்து கப்பலில் வந்த வண்டி. அது கிளம்பினால் பட்டத்து யானையே ஓரமாக ஒதுங்கி நிற்கும். பக்கத்தில் இன்னொரு வண்டியில் அரண்மனை விதூஷகன் தேனப்பன் வருவான். வழி நெடுக அவன் கதை அளக்க, ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, நகர்வலம் ஜோராக நடக்கும்.

இது பொறுக்கவில்லை போக்குவரத்து மந்திரி கெடுபிடி நாயகத்துக்கு. தேனப்பன் இடத்தில் தன் மச்சினனை உட்கார வைக்க அவருக்கு ரொம்ப நாள் ஆசை. ராஜாவின் காதைக் கடித்து ஒரு சட்டம் போட வைத்தார்.

'வண்டி ஓட்டுகிறவர்கள் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்க வேண்டும். கால் தரையில் படக் கூடாது. மூன்று தடவை தவறினால் வண்டியும் போச்சு, வேலையும் போச்சு.'

நேராக ஓட்டச் சொன்னால் தேனப்பன் காசி வரைக்கும் ஓட்டுவான். ஒரு வட்டம் போடச் சொன்னாலும் அழகாகப் போடுவான். இரண்டாவது வட்டத்துக்குத் திரும்பும்போதுதான் பாழாய்ப்போன இடது கால் தானாகத் தரையைத் தொட்டுவிடும். கோட்டை மைதானத்தில் ஒரு தடவை தொட்டது. ஆற்றங்கரையில் ஒரு தடவை தொட்டது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று.

ராஜாவுக்கே பாவமாகிவிட்டது. "இந்தத் தடவை எந்த இடத்தில் டெஸ்ட் என்று நீயே சொல்லடா. நானே நேரில் வருகிறேன்."

அவ்வளவுதான், ஊரே யோசனை சொல்லக் கிளம்பிவிட்டது. "தெற்கு மைதானம் போங்க, தரை வழவழன்னு இருக்கும்" என்றார்கள் சிலர். "அட, வடக்கே போங்க, அங்கே எட்டைப் பெரிசா வரைவாங்க" என்றார்கள் வேறு சிலர். தேனப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கொல்லையில் இரண்டு முருங்கை மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பழகினான். முதல் நாள் கத்தரிச் செடி போச்சு. இரண்டாம் நாள் மாட்டுத் தொட்டி போச்சு. மூன்றாம் நாள் துணிக்கொடியில் புகுந்து, தலையில் மனைவியின் புடவையோடு வாசல் வழியாக வந்தான்.

மனைவி செண்பகவல்லி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "என்னங்க, எட்டு போட்டு என் தோட்டத்தை அழிச்சது போதும். ஒரு எட்டு கடைக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க."

"என்ன சொன்னே?"

"கொத்தமல்லி."

"அதுக்கு முன்னாடி?"

"ஒரு எட்டு போய்..."

தேனப்பன் புடவையோடு ஒரு ஆட்டம் ஆடினான். மகாராஜாவும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இதைத்தானே சொல்கிறார்!

மறுநாள் சபையில், "சந்தைத் திடல்" என்றான்.

மந்திரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அங்கே கல்லும் குழியும்; மாடே தடுக்கி விழும்.

"போயும் போயும் அந்த இடமா? ஏன்டா?" என்றார் ராஜா.

"காற்று நன்றாக வரும், மகாராஜா."

டெஸ்ட் நாள் சாயங்காலம். ராஜா குடை நிழலில் உட்கார்ந்தார். தேனப்பன் வண்டி மேல் தயாராக இருந்தான். மந்திரி மணியை அடித்தார். அடித்த பிறகுதான், தரையில் சுண்ணாம்பால் வரைந்த எட்டு கொஞ்சம் பெரிசாகிவிட்டதோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. அழித்துவிட்டுச் சின்னதாக வரைய ஆரம்பித்தார். அப்போது காற்று அடித்தது. காற்றோடு ஒரு வாசனை வந்தது. திடலுக்கு எதிரே குருவம்மா கடையில் உளுந்துவடை வெந்துகொண்டிருந்தது.

ராஜாவின் மூக்கு விரிந்தது. வாயில் எச்சில் ஊறியது. "தேனப்பா! சும்மாதானே இருக்கே, ஒரு எட்டு போய் வடை வாங்கிட்டு வா."

"மகாராஜா, டெஸ்டுக்கு மணி அடித்தாகிவிட்டதே?"

"அடிச்சா அடிக்கட்டும், போடா!"

"வண்டியிலேயேவா?"

"வண்டியிலேயே போ! ஆறிப்போயிடும்!"

டுபுடுபுடுபு என்று ஒரே நேராகப் பறந்தான். கடைப் பந்தலின் காலை ஒரு கையால் பிடித்து வண்டியை நிறுத்தி, "எட்டு போடு, குருவம்மா!" என்றான். பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு, கடையை ஒரே வட்டமாகச் சுற்றித் திரும்பிவந்து ராஜாவிடம் நீட்டினான்.

"மகாராஜா, எட்டு முடிந்தது. லைசென்ஸ் கொடுங்கள்."

மந்திரி சுண்ணாம்புக் கையோடு ஓடிவந்தார். "எந்த எட்டு ஓய்?"

"மகாராஜா ஒரு எட்டு போகச் சொன்னார். மணி அடித்த பிறகு, வண்டியிலேயே, ஒரு எட்டு போய்விட்டு வந்தேன். அது எட்டு இல்லை என்றால் மகாராஜா சொன்னது தப்பா?"

மந்திரி கடைப் பக்கம் கையை நீட்டினார். "கடையில் கால் தரையில் பட்டதே, நான் பார்த்தேன்!"

"தரையில் இருந்தது பந்தல் கால். அதில் பட்டது என் கை."

மந்திரி விடுவாரா? "சரி, எட்டு போனீர். போட்டீரா? சட்டம் 'எட்டு போட வேண்டும்' என்கிறது!"

"போடச் சொல்லித்தான் வாங்கி வந்திருக்கிறேன். பொட்டலத்தைப் பாருங்கள்."

மந்திரி பொட்டலத்தைப் பிடுங்கி விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். "...ஐந்து, ஆறு, ஏழு." மறுபடி எண்ணினார். துள்ளிக் குதித்தார். "ஏழு! ஏழுதான்! தேனப்பன் தவறிவிட்டான்! மச்சினா, வண்டியை எடு!"

தேனப்பன் பொட்டலத்தை எட்டிப் பார்த்தான். எட்டைத்தானே கட்டச் சொன்னான்! வேலை போச்சே என்று ராஜாவைப் பரிதாபமாகப் பார்த்தான்.

ராஜாவின் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. மெதுவாக மென்றார். மெதுவாக விழுங்கினார். மீசையில் ஒட்டிய மிளகைத் தட்டிவிட்டு, வயிற்றைத் தடவிக் காட்டினார்.

"எட்டாவது இங்கே இருக்குய்யா, மந்திரி. பாஸ்!"

திடலே அதிரச் சிரித்தார். எண்ணெய்க் கையாலேயே லைசென்ஸில் முத்திரை குத்தித் தேனப்பனிடம் கொடுத்தார்.

"ஆனால் சட்டினியை மறந்துட்டியேடா. இன்னொரு எட்டு போய்ட்டு வா!"