மூணு பிடிக்கு மூணு தலை

ஒரு ஊர்ல ஒரு எண்ணெய்ச் சட்டி இருந்துச்சு. சட்டிக்காரி பேரு பூரணம். அவளுக்கு ஒரே மக, செவந்தி. காய்ச்சல் வந்து செவந்திக்கு முடியெல்லாம் கொட்டிப் போச்சு. தெருப் பிள்ளைங்க "தேங்கா, தேங்கா"ன்னதும், சுவரைப் பார்த்து உட்கார்ந்தவதான். சோறு இல்லை, பேச்சு இல்லை. ம் கொட்டுறியா?

"ம்."

அந்த ஊர்க்காரங்க நாக்குக்கு ழகரம் வராது. பழத்தைப் பலம்பாங்க. ஆட்டுக்குப் போடுற தழையைத் தலைம்பாங்க. உன்னை மாதிரிதான். இதை ஞாபகம் வச்சுக்கோ.

அப்போ கோடை. ஊரே காய்ஞ்சு கிடக்கு, முனி காவல் இருக்கிற தோட்டத்துல மட்டும் பச்சை. மக முடிக்கு எண்ணெய் காய்ச்ச இலை கேட்டுப் பூரணம் அங்கே போனா.

"பறிச்சுக்கோ"ன்னுச்சு முனி. "பிடிக்கு ஒரு தலை தரணும்."

பூரணத்துக்குச் சிரிப்பு. முனி ஆடு வளர்க்குது போலன்னு நினைச்சா. "தர்றேன் சாமி"ன்னா.

கரிசலாங்கண்ணி ஒரு பிடி, மருதாணி ஒரு பிடி, செம்பருத்தி இலை ஒரு பிடி. அரைச்சுப் பிழிஞ்சு தேங்காயெண்ணெய்ல ஊத்தினா. சடசட சடசடன்னு பொரிஞ்சுது. அந்தச் சத்தம் அடங்கினாத்தான் பதம். அப்புறம் வடிகட்டித் தினம் தேய்ச்சா. செவந்தி தலையில கறுப்பா பூனைமுடி முளைச்சுது. பிள்ளை இந்தப் பக்கம் திரும்பி, "அம்மா, பசிக்குது"ன்னுச்சு.

அப்போ உச்சி வேளையில கதவு டொக் டொக். முனி. பூரணம் வேப்பந்தழையை நீட்டினா.

"இது என்ன?"

"நீங்க கேட்ட தலை, சாமி."

"இதுக்குப் பேரு தழை. நான் கேட்டது தலை." படிச்ச முனி, ழகரத்தை அழகா உருட்டுச்சு. கூரை மேல நின்ன சேவலைப் பிடிச்சுது. சரக்.

"...ம்."

மறுநாளும் டொக் டொக். பூரணம் தண்ணிப்பானை ஓரத்துல முளைச்ச பொடுதலையை நீட்டினா. பொடுகுக்குப் போடுற சின்னச் செடி. "இதுக்குப் பேரே பொடுதலை சாமி. தலை இருக்கே."

முனி சிரிச்சுது. "எழுத்து சரி. வாங்கிக்கிறேன். நாளைக்கு எழுத்துப் பார்க்க மாட்டேன், மோந்து பார்ப்பேன். அந்த எண்ணெய் எந்த மனுசத் தலையில மணக்குதோ, அது."

பூரணம் அழலை. செவந்தியை உட்கார வச்சு சீயக்காய் தேய்ச்சா, அலசினா. மறுபடி தேய்ச்சா, மறுபடி அலசினா.

"எரியுதும்மா. இப்பத்தானே முளைக்குது, ஏன் இப்படித் தேய்க்கிறே?"

"பேசாம இரு. கண்ணுல பட்டுடும்."

அப்புறம் பிள்ளையை நெல்லுக் குதிருக்குள்ள இறக்கி மூடினா. சட்டியில மிச்சம் இருந்த எண்ணெயைத் தன் தலையில கவிழ்த்துக்கிட்டா. மூக்கு நுனியில சொட்டு சொட்டா வடிஞ்சுது. கதவைத் திறந்து வச்சுட்டு உட்கார்ந்தா.

உச்சி வேளையில, குதிருக்குள்ள செவந்திக்கு சடசட சடசடன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அடங்கிடுச்சு. அம்மா எண்ணெய் காய்ச்சுறா, பதம் வந்துடுச்சுன்னு நினைச்சுக்கிட்டா, பாவம்.

செவந்திக்கு முழங்கால் வரைக்கும் முடி வளர்ந்துச்சு. பின்னிவிடத்தான் ஆளில்லை. அந்த ஊர்ல இன்னைக்கும் சோறு ஊட்டுறதுக்கு முன்னாடி பிள்ளைங்களைத் தழைன்னு சொல்லச் சொல்வாங்க.

எங்க, நீ சொல்லு. தழை.

"தல..."

சரி, சரி. கதவு சாத்தித்தான் இருக்கு. கதையையும் சாத்தியாச்சு, கண்ணை மூடு.