கண் திறந்திருந்தபோது

சேந்தன் வைத்தியம் கற்க வந்தபோது ஐம்பது வயதைக் கடந்திருந்தார். அவருடைய ஆசான் தேனம்மையார் அவரைவிட இளையவர். ஆற்றங்கரையில் வைத்தியசாலை நடத்திவந்தார்.

மனைவி காய்ச்சலில் இறந்தபோது, ஒன்றும் செய்யத் தெரியாமல் அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவர் சேந்தன். இனி எவர் பக்கத்திலும் அப்படி உட்காரக் கூடாது என்றுதான் வந்தார். தாமதமாக வந்துவிட்டோம் என்ற தவிப்பில் தூக்கத்தைக் குறைத்தார். பிறகு அநேகமாக விட்டேவிட்டார்.

ஒரு நாள் காலையில் ஆசானிடம் கேட்டார்.

"அம்மா, தூக்கத்தை அடியோடு வெல்ல ஒரு மருந்து சொல்லுங்கள். பாதி ஆயுளை அதுவே தின்றுவிட்டது."

"சொல்கிறேன். முதலில் இந்தத் தைலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நுரை அடங்கியதும் இறக்கிவிட வேண்டும். கருகினால் உதவாது."

படகோட்டி வீட்டுக் குழந்தையின் காலில் கொதிநீர் கொட்டியிருந்தது. வலியில் ராத்திரியெல்லாம் கதறியிருக்கிறது. விடிந்ததும் வைத்தியசாலைக்குத் தூக்கிவந்திருந்தார்கள். தைலம் அதற்குத்தான்.

சேந்தன் அடுப்பின் முன் உட்கார்ந்தார். தேனம்மையார் எதிரே அமர்ந்து வேர்களை நறுக்கத் தொடங்கினார். சற்று நேரம் போயிற்று.

"தைலம் எப்படி இருக்கிறது?"

சேந்தன் பார்த்தார். அடுப்பில் தணல் மட்டும் இருந்தது. சட்டி ஆசானின் அருகே ஆறிக்கொண்டிருந்தது.

"எப்போது இறக்கினீர்கள்?"

"நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான்."

"நான் கண்ணை மூடவே இல்லையே அம்மா."

"மூடவில்லை. நானும் கவனித்தேன்."

சேந்தன் ஆறும் சட்டியையே பார்த்தார். எதிரே இவர் இல்லாமல் இருந்திருந்தால்?

"நேற்று மனப்பாடம் செய்த வைத்தியப் பாடலைச் சொல்லுங்கள்" என்றார் தேனம்மையார்.

முதல் அடி வந்தது. இரண்டாவது வேறு ஏதோ பாடலுக்குப் போயிற்று. அதற்குமேல் ஒன்றுமில்லை. எத்தனை முறை படித்த பாடல்! சேந்தன் தலை குனிந்தார்.

"என்னை அனுப்பிவிடுங்கள்."

"அனுப்பத்தான் போகிறேன். வேப்பமரத்தடியில் கட்டில் கிடக்கிறது. போய்ப் படுங்கள். தானாக விழிப்பு வரும்வரை எழுந்திருக்கக் கூடாது."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்தக் குரலின் கனிவில் கண் கலங்கிவிட்டது. போய்ப் படுத்தார். மனைவி போன பிறகு அப்படி அவர் தூங்கியதே இல்லை.

விழித்தபோது மறுநாள் விடிந்திருந்தது. யாரோ போர்த்திவிட்டிருந்தார்கள். முகம் கழுவ ஆற்றில் இறங்கியவருக்கு அந்தப் பாடல் வாயில் வந்தது. அடி பிசகாமல், கடைசிவரை. ஈரக் கையோடு அப்படியே நின்றார். படுத்த பிறகு ஏட்டைத் தொடவே இல்லையே, இது எப்படி?

நேரே வைத்தியசாலைக்கு வந்து ஆசானின் காலில் விழப்போனார். தேனம்மையார் விலகிக்கொண்டார்.

"நேற்று நான் உங்களுக்கு எதுவும் சொல்லித்தரவில்லையே" என்றார்.

சேந்தனுக்கு மனம் நிறைந்திருந்தது. தூக்கத்தை நினைத்தால், இத்தனை நாள் திருடன் என்று எண்ணி வாசலிலேயே விரட்டிய ஒருவர், கை நிறையக் கொடுத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.

சேந்தன் புதுத் துணியும் தைலமும் எடுத்துக்கொண்டு, ஆசான் பின்தொடர, குழந்தை இருந்த அறைக்குப் போனார். வாசலிலேயே அதன் தாய் பூவாயி உதட்டில் விரலை வைத்தாள்.

"ராத்திரி தைலம் போட்டதும் கண்ணசந்துட்டா சாமி. இன்னும் எந்திரிக்கல. முகத்தைப் பாருங்க, எவ்வளவு தெளிஞ்சிருக்கு. உங்களுக்கெல்லாம் கோடிப் புண்ணியம்."

கட்டு மாற்றும் வேளை வந்துவிட்டது. சேந்தன் திரும்பி ஆசானைப் பார்த்தார்.

"எழுப்பட்டுமா அம்மா?"

"வேண்டாம்" என்றார் தேனம்மையார், தாழ்ந்த குரலில். "உள்ளே பெரிய வைத்தியர் இருக்கிறார். அவர் பார்த்து முடிக்கட்டும். பிறகு நாம் போகலாம்."

சேந்தன் தைலத்தைக் கீழே வைத்துவிட்டு, கைகூப்பி வாசலிலேயே நின்றார்.