ஹார்ன் இல்லாத வண்டி

"லைசென்ஸ் வந்துடுச்சு மேடம். நடுக்கம் போகலை. என்ன செய்ய?"

கேட்டவர் மாசிலாமணி. துறையூர்க்காரர். தபால் ஆபீஸில் ஓய்வு பெற்ற பிறகு கார் பழகியவர்.

பதில் சொல்ல வேண்டியவள் ரெஜினா. முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டினாள். இப்போது, புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்களை அவரவர் வண்டியிலேயே பழக்குகிறாள். வயதில் அவருக்கு மகள் மாதிரி. வாயில் மாமியார் மாதிரி.

"யாரை ஏத்தப் போறீங்க?"

"சம்சாரத்தை. திங்கக்கிழமையிலிருந்து திருச்சியில டயாலிசிஸ். டெஸ்ட் எடுக்க வாடகை வண்டியில ஒருதரம் போனோம். தூக்கிப் போட்டு, வழியெல்லாம் வாந்தி. ஊசி குத்துறதுக்கு முன்னாடியே பாதி உயிர் போயிடுச்சு அவளுக்கு."

"வண்டியை எடுங்க."

எடுத்தார். பஸ் ஸ்டாண்டைத் தாண்டவில்லை, ஒரு தள்ளுவண்டி குறுக்கே வந்தது. மாசிலாமணி ஹார்னை அமுக்கினார். அமுக்கிக்கொண்டே இருந்தார். கார் போய்க்கொண்டே இருந்தது.

ரெஜினா ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள்.

"யோவ் பெருசு! கண்ணு பொடனியிலயா இருக்கு?" என்றான் தள்ளுவண்டிக்காரன். கொய்யாப்பழம் நாலாபக்கமும் உருண்டது.

"கால் என்ன பண்ணிச்சு சார்?" என்றாள் ரெஜினா.

மாசிலாமணி யோசித்தார். கால் ஒன்றுமே பண்ணவில்லை.

"டிரைவிங் ஸ்கூல் வண்டியில மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு மேடம். நான் ஹார்ன் அடிப்பேன். அவர் மிதிப்பார்."

"அப்ப லைசென்ஸை அவருக்குல்ல குடுத்திருக்கணும்."

ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்தாள். ஒரு மூடியைத் திறந்து, பல் பிடுங்குவதுபோல் எதையோ பிடுங்கினாள்.

"என்னது அது?"

"ஹார்ன் ஃபியூஸ். இனி கத்தாது."

"ஐயோ! நான் வர்றது எதிர்ல வர்றவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. கிளம்புங்க."

கிளம்பினார். உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. பாஷை தெரியாத ஊரில் இறக்கிவிட்ட மாதிரி இருந்தது.

நடுரோட்டில் மாடு. கை அமுக்கியது. சத்தமில்லை. மறுபடி அமுக்கினார். அப்புறம்தான் கால் போனது. மாட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது கார். மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. நின்ற பஸ்ஸுக்கு அந்தப்புறம், தரையில் இறங்கும் கால்கள். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு வருகிற ஸ்கூட்டர்காரன். கடை வாசலில் குடத்தைத் தூக்கித் திரும்பப்போகிறவள்.

ஒருத்தருக்கும் இவர் வருவது தெரியாது.

"மேடம், முன்னைவிட ஜாஸ்தி நடுங்குது."

"ம்."

ஞாயிறு வரை இதே கதை. கடைசியில் ஃபியூஸைக் கையில் கொடுத்தாள்.

"மாட்டிக்குங்க. இல்லைன்னா போலீஸ் பிடிப்பான்."

"நாளைக்கு நீங்களும் கூட வரக்கூடாதா?"

"என்னத்துக்கு? எனக்கு கிட்னி நல்லாத்தான் இருக்கு."

திங்கட்கிழமை. செங்கமலம் பின்சீட்டில் சாய்ந்தாள். வீட்டுக்காரர் ஓட்டுவதைப் பார்க்கத் தைரியமில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

மண்ணச்சநல்லூரில் சந்தைக் கூட்டம். மாசிலாமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தார். மணல் லாரி பின்னாலிருந்து விரட்டியது. வழி விட்டார். கொள்ளிடம் பாலத்தில் எதிர்ப்பக்கத்து பஸ் ஒன்று இவர் பாதைக்கே ஏறி வந்தது. அது ஏறும் என்று இவர் எப்போதோ வேகத்தைக் குறைத்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார். என்ஜினை அணைத்தார். கை இன்னும் நடுங்கியது.

செங்கமலம் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

"ஏங்க, இன்னும் கிளம்பலையா?"