சுண்ணாம்புத் தெருவுக்கு வந்த பாதம்

திருக்கொன்றைவாயிலில், ஆடவல்லார் கோயில் மதிலுக்கு மேற்கே சுண்ணாம்புத் தெரு இருந்தது. அந்தத் தெருவில் பிறந்து, கிளிஞ்சல் சுட்டு நீற்றி, கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்துக் கோயிலுக்குச் சாந்து கொடுத்து வந்தவர் ஐயாறனார். கருவறைச் சுவரில் பூசிய சாந்து அவர் அரைத்தது. ஆனால் அவரோ அவர் தெருவாரோ கோபுர வாசலைத் தாண்டக் கூடாது என்பது ஊர்க் கட்டு. சாந்துக்கு இல்லாத தீட்டு, சாந்து அரைத்தவருக்கு மட்டும் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று அந்த ஊரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

சுண்ணாம்பு கையைத் தின்னும். ஐயாறனாருக்கு விரல்கள் வெடித்து, வலக்கைச் சுட்டுவிரல் பாதிக்குமேல் மடங்காமல் போயிருந்தது. அந்தக் கையால்தான் அவர் நாள்தோறும் விடிந்ததும் குளித்து, நீறு பூசி, மெழுகிய வாசலில் கரித்துண்டு கொண்டு ஆடவல்லாரின் தூக்கிய இடது பாதத்தை வரைவார். அது ஒன்றைத்தான் வரைவார். விழுந்து வணங்குவார். யாரும் மிதித்துவிடாமல் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே வேலைக்குப் போவார்.

இந்த ஆசை அவருடைய தாயாரின் சாவுப் படுக்கையில் வந்தது. "சாமி தூக்குன காலு எப்பிடிடா இருக்கும்?" என்று அந்த அம்மாள் கேட்டார். ஐயாறனாருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆயுள் முழுக்கக் கோயிலுக்குச் சுண்ணாம்பு சுமந்தவர், அந்தக் கோயில் சாமியின் பாதம் எப்படியிருக்கும் என்று தெரியாமலே கண்ணை மூடினார். இனி இந்தத் தெருவில் ஒருவரும் அப்படிச் சாகக் கூடாது, என்றைக்காவது தெருவைப் பார்த்த மதிலில் அந்தப் பாதத்தைச் சரியாக வரைந்துவிட வேண்டும் என்று அன்றே அவர் மனத்தில் விழுந்துவிட்டது.

வரைவதற்கு முதலில் பார்க்க வேண்டுமே. சாமி வீதியுலா வரும்போதும் பாதத்துக்கு வெள்ளிக் கவசம் போட்டிருக்கும். ஆனித் திருமஞ்சனத்தன்றும் மார்கழித் திருவாதிரையன்றும் மட்டும் முன்மண்டபத்தில் கவசமில்லாமல் அபிஷேகம் நடக்கும். கோபுர வாசலுக்கு வெளியே நின்றால், ஆட்களின் தலைகளுக்கு நடுவே ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் பாதம் தெரியும். தீபம் காட்டும்போது ஊரே கண்ணை மூடிக் கைகூப்பும். ஐயாறனார் மட்டும் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பார். அதற்கும் ஏச்சு.

"எல்லாரும் கண்ண மூடிக் கும்புடுறாங்க. நீங்க மட்டும் வேடிக்க பாக்குற மாதிரி முழிச்சிக்கிட்டு நிக்கிறீங்களே," என்று மனைவி காத்தாயியே ஒருமுறை கடிந்துகொண்டார்.

"கும்புடத்தான் பாக்குறேன் காத்தாயி. கண்ண மூடிட்டா எதக் கொண்டாந்து வாசல்ல வரையிறது?"

முதல் வருஷம் அவர் வரைந்ததைக் கத்தரிக்காய் என்றார்கள். ஐந்தாம் வருஷம், பாதம் என்று அவர் சொன்னால் பாதம்தான் என்று ஒப்புக்கொள்ளும்படி இருந்தது. ஒரு திருவாதிரைக்குக் குதிகாலைச் சரிசெய்தார், அடுத்த திருமஞ்சனத்துக்கு உள்ளங்கால் வளைவைத் திருத்தினார். பதினோராம் வருஷம், சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் ஒரு நெல்லளவு விலகி, சற்றே மேல்நோக்கி நிற்பதைக் கண்டுகொண்டார். அன்றுமுதல் அப்படியே வரைந்தார். கொஞ்சம் அடங்கியிருந்த கேலி மறுபடி கிளம்பியது. இத்தனை வருஷம் கிறுக்கியும் ஒரு விரலை ஒழுங்காக ஒட்டத் தெரியவில்லையே என்று போவோர் வருவோரெல்லாம் சிரித்தார்கள்.

இப்படி இருபத்தாறு வருஷம் போனது.

கோயிலுக்குக் குடமுழுக்கு நாள் குறித்தார்கள். உட்பிராகாரச் சுவரில் சித்திரம் தீட்ட விசயரங்கர் என்பவர் வந்தார். பொய் சொல்லக் கூடாது, அவர் கை அபூர்வமான கைதான். ஏழு வயதில், தூரிகையைச் சுவரிலிருந்து எடுக்காமல் ஒரே இழுப்பில் யானையை வரைந்தவராம். எதையும் நின்று பார்த்து வரைய வேண்டிய தேவையே அவருக்கு இருந்ததில்லை. தினமும் சந்நிதி வழியாகப் போய் வந்துகொண்டிருந்த அவர், ஒருநாள் சாந்து வாங்கச் சுண்ணாம்புத் தெருவுக்கு வந்து, வாசலில் இருந்த கரிப்பாதத்தைக் கண்டு சிரித்துவிட்டார்.

"ஐயாறா, கைங்கிறது பொறக்கும்போதே ஈசன் போட்டு அனுப்புறது. உனக்குப் போடல. எதுக்குச் சாமி காலைப் போட்டு இந்தப் பாடு படுத்துற?"

"எனக்குக் கண்ணு போட்டிருக்காருங்களே. அத வச்சிப் பாத்துக்கிறேன்," என்றார் ஐயாறனார், சாந்தைத் தொட்டியில் அள்ளியபடி.

தனக்கு எளிதாக வந்ததை ஈசன் கொடுத்தான் என்று சொல்லட்டும், அது பணிவு. அடுத்தவனுக்கு ஈசன் கொடுக்கவில்லை என்று சொல்ல இவர்கள் யார்? ஈசன் பங்கு வைக்கும்போது இவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்களா? இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

மேற்கு மதிலுக்குச் சித்திரம் உண்டா என்று விசயரங்கர் கேட்டபோது, "அந்தத் தெருவுக்கு என்னத்துக்குச் சித்திரம்? சாந்து பூசி விட்டாப் போதும்," என்றார் தர்மகர்த்தா சபாநடேசர். பூசும் வேலை ஐயாறனாருக்கு வந்தது. ஆனித் திருமஞ்சனத்துக்கு முதல்நாள் பூசினார். ஈரச் சாந்தில் இட்ட வண்ணம்தான் சுவரோடு சேர்ந்து நிற்கும், காய்ந்துவிட்டால் உதிர்ந்து போகும். பொழுது சாய்வதற்குள் காவிக்கல்லை உரைத்து, தென்னம்பாளையை நசுக்கித் தூரிகையாக்கி, ஓராள் உயரத்துக்குப் பாதத்தை வரைந்து முடித்தார். கை நடுங்கவில்லை. ஒன்பதாயிரம் முறைக்கு மேல் வரைந்த கை ஏன் நடுங்கப் போகிறது?

மறுநாள் காலை தெருவே மதிலின்முன் விழுந்து கிடந்தது. சேதி எட்டியதும் சபாநடேசர் பாய்ந்து வந்தார், கூடவே விசயரங்கரும்.

"யாரக் கேட்டுக் கோயில் சுவத்துல கை வச்ச? இன்னும் ஒரு நாழியில சாமி இந்த வழியா வருது. வெள்ளையடிச்சு மூடு."

"சாமி பாதத்துமேல என் கையால சுண்ணாம்பு பூச மாட்டேங்க. வேற என்ன தண்டனைன்னாலும் குடுங்க."

"பாதமா இது?" என்றார் விசயரங்கர். "சுண்டுவிரலப் பாருங்க, கோவிச்சிக்கிட்டுப் போற மாதிரி தனியா நிக்கிது. சாமிக்கே குறை வச்சிட்டான்."

தெருவில் ஒருவரும் வெள்ளையடிக்கும் மட்டையைத் தொடவில்லை. சாந்து அரைக்கவும் இந்தத் தெரு ஆள் வேண்டும், அழிப்பதற்கும் அதே ஆள்தான் வேண்டும் என்று நினைத்த சபாநடேசருக்கு அது பொறுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தாமே மட்டையைச் சுண்ணாம்பில் முக்கி எடுத்தார். அப்போது திருப்பத்தில் மேளம் கேட்டது. சாமி அதற்குள் வந்துவிட்டது.

சாமியின் சப்பரத்துக்குமுன் ஓட்டமும் நடையுமாக வந்த குருக்கள் முகம் வெளிறியிருந்தது. "கவசம் ஏற மாட்டேங்கறது," என்றார் தர்மகர்த்தாவிடம். "நூறு வருஷமா போடற அதே கவசம். மூணு தரம் போட்டுப் பாத்தேன், நழுவி நழுவி விழறது. வேளை தப்பிடுமேன்னு அப்படியே எழுந்தருளப் பண்ணிட்டோம்."

அந்தத் தெருவில் என்றும் நிற்காமல் கடந்து போகும் சப்பரம் மதிலுக்கு நேரே வந்து நின்றது. வெறும் பாதம். சுண்டுவிரல் ஒரு நெல்லளவு விலகி, சற்றே மேல்நோக்கி நின்றது. குருக்கள் சாமியைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், மறுபடி சாமியைப் பார்த்தார்.

"தொட்டு அபிஷேகம் பண்றவன் நான். இது என் கைக்குத் தெரியும்," என்றார். "உனக்கு யாரப்பா சொன்னா?"

"யாரும் சொல்லல சாமி. வெளிய நின்னு பாத்தேன். வருசத்துக்கு ரெண்டு தடவ."

மட்டையிலிருந்து சுண்ணாம்பு சபாநடேசரின் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. விசயரங்கர் தலைகுனிந்தார். ஒரு வருஷமாகச் சந்நிதியை நான்கு முழத் தூரத்தில் கடந்து போய்க்கொண்டிருந்தவர் அவர், கவசம் கழற்றிய திருவாதிரையன்றுகூட நின்று பார்த்ததில்லை. குருக்கள் ஆடவல்லாருக்குக் காட்டிய கற்பூரத்தை அப்படியே கொண்டுவந்து மதிலில் இருந்த பாதத்துக்கும் காட்டினார். அந்தத் தெருவுக்குக் கோயில் தீபம் வந்தது அதுவே முதல்முறை.

அதன் பிறகாவது ஐயாறனாரை உள்ளே விட்டார்களா என்று கேட்பீர்கள். விடவில்லை. அவர் இருந்தவரை விடவில்லை. அந்த ஊருக்கு அதைவிட வெட்கக்கேடு வேறில்லை. உள்ளே விடாதவர்களைக் கேட்டுக்கொண்டு ஆடவல்லார் காத்திருக்கவில்லை, தம் அடியவரின் தெருவுக்குத் தாமே வந்து, திருவடியைத் திறந்து காட்டி, நீ வரைந்தது சரி என்று சொல்லிவிட்டுப் போனார். இருபத்தாறு வருஷம் கண்மூடாது தொழுத ஐயாறனாரின் வெடித்த விரல்களுக்கு நம் வணக்கம்.